சஸ்பென்ஷனை வீட்டிலேயே மேம்படுத்துவது: எதை முதலில் மாற்ற வேண்டும், எங்கே தவறும்

"லோயரிங் ஸ்பிரிங் (உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) போட்டால் வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போகுமா?" என்று கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி உண்டு: லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டு) எந்த நிலையில் இருக்கிறது, பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். 80,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டி வளைவில் சாய்ந்து, நேர் சாலையில் அலைபாய்ந்து, மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டிருந்தால், ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்), புஷ், லிங்க் ராடு (வண்டி சாய்வதைக் குறைக்கும் பாரைச் சக்கரப் பக்கம் இணைக்கும் சிறு கம்பி), வீல் அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) நான்கையும் சந்தேகப்பட வேண்டும். இவை தளர்ந்த வண்டியில் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் குலுக்கல் கூடும், பிடிப்பு கூடாது. ஏற்கெனவே கிழிந்த புஷ்ஷுக்கு இப்போது கூடுதல் வேலை வேறு.

இங்கே சொல்வதெல்லாம் சாதாரண முன்சக்கர இயக்கக் காருக்கு: முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்தரம்). சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான். டபுள் விஷ்போன், மல்டி லிங்க் வண்டிகளுக்கும் கொள்கை ஒன்றே. கழற்றும் வரிசை மட்டும் மாறும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

வண்டி இரவெல்லாம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்தான் தொடக்கம். அழுத்தம் 5 பிஎஸ்ஐ குறைந்தாலே ஸ்டியரிங் மந்தமாகும். அதை ஷாக்கின் குறை என்று நினைத்துப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் (டயர் வரிப்பள்ளம்) ஆழம் மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனை மாற்றுவது வீண். சாலையைத் தொடுவது அது ஒன்றுதான்.

அடுத்து, ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். 3, 9 மணி இடங்களில் மட்டும் தெரிந்தால் டை ராடு எண்டு அல்லது ஸ்டியரிங் ரேக்கின் உள் ஜாயிண்ட். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் எது அசைகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

லோயர் ஆர்மில் இரண்டு புஷ் இருக்கும். பின்பக்கப் பெரிய புஷ்தான் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னுக்கு நகராமல் பிடித்து வைப்பது. அது கிழிந்தால் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், கனரக லாரியின் சக்கரத் தடத்தில் ஓடும்போது ஸ்டியரிங் தானாக அலைவதும் இதனால்தான். ஆர்முக்கும் அது பூட்டப்பட்டிருக்கும் சட்டமான சப்ஃப்ரேமுக்கும் நடுவே நீளக் கம்பியை விட்டு மெதுவாக நெம்பினால், நல்ல புஷ் கொஞ்சம் இழுபட்டுத் திரும்பும். கிழிந்தது வாய் திறந்து காட்டும்.

ஷாக் விஷயத்தில் பானட்டை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். முழுதாகச் செத்த ஷாக்கை மட்டுமே அது காட்டும். பாதி தளர்ந்தது தப்பித்துவிடும், ஏனென்றால் கையால் அமுக்கும் வேகமும் சாலை கொடுக்கும் வேகமும் வேறு. ஷாக் உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. ஈரம் வழிந்து தூசி சேறாகப் படிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். டயரின் வட்டத்தில் விட்டுவிட்டுக் குழி விழுந்திருப்பதும் ஷாக் சக்கரத்தைத் தரையில் பிடித்து வைக்கவில்லை என்பதன் அடையாளம்.

இவற்றைச் சரி செய்த பின்னும் வண்டி உங்கள் மனசுக்குப் போதவில்லை என்றால் மட்டுமே ‘மேம்பாடு’ என்ற பேச்சு. பலருக்கு இதற்குள்ளேயே போதும் என்றாகிவிடும்.

எவ்வளவு விறைப்பு, எவ்வளவு இறக்கம்

ஒரு மூலையில் சஸ்பென்ஷன் சுமக்கும் எடை 300 கிலோ, சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் உடம்பு மேலும் கீழும் ஆடும் வேகம் நொடிக்கு சுமார் 1.36 முறை. ஸ்பிரிங்கை 30 சதவீதம் விறைப்பாக்கினால் இது 1.55 ஆகும். அதாவது, கூடுவது 14 சதவீதம்தான், ஏனென்றால் வர்க்கமூலக் கணக்கு. தினசரிக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். 2ஐத் தொட்டால் ஓட்டப்பந்தயத் தளத்துக்குச் சரி, குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் தரையைத் தொடுவதைவிடத் துள்ளுவதே அதிகம். தினமும் ஓட்டும் வண்டிக்கு 20 முதல் 30 சதவீதம் வரையிலான கூடுதல் விறைப்பே நியாயமான எல்லை என்பது என் கருத்து.

உயரத்தைக் குறைப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நின்ற நிலையிலிருந்து சக்கரம் மேலே போக 80 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, நீங்கள் 40 குறைத்துவிட்டீர்கள் என்றால், முன்பு 80இல் தாங்கிய அதே அடியை இப்போது 40இல் தாங்க வேண்டும். ஸ்பிரிங் சேமிக்கும் ஆற்றல் பயண தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஸ்பிரிங் மட்டுமே அதைச் செய்வதானால் நான்கு மடங்கு விறைப்பு வேண்டும். உங்கள் கையில் இருப்பது 30 சதவீதம் கூடுதல். மிச்சத்தை, பயணத்தின் முடிவில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வாங்கிக்கொள்ளும். வளைவின் நடுவே ஒரு மேடு வந்து பம்ப் ஸ்டாப்பில் மோதினால் அந்தச் சக்கரத்தின் விறைப்பு திடீரென எகிறி, டயர் வழுக்கும். ஓட்டுபவருக்கு அது ‘வண்டி சட்டென்று விட்டுவிட்டது’ என்று தோன்றும்.

இன்னொரு சங்கதி மெக்ஃபர்சன் அமைப்புக்கே உரியது. தொழிற்சாலை உயரத்தில் லோயர் ஆர்ம் ஏறக்குறைய கிடையாக, அல்லது வெளிமுனை சற்றே தாழ்ந்து இருக்கும். வண்டியை இறக்கினால் வெளிமுனை மேலே போய் ஆர்ம் தலைகீழாகச் சாயும். உடம்பின் சாய்வு மையம் (வளைவில் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுவதால் இரண்டுக்கும் நடுவே நெம்பு நீளம் கூடுகிறது. எடை மையத்தைத் தாழ்த்தியும் சாயும் போக்கு குறையாததற்கு இதுதான் காரணம். டை ராடின் கோணமும் கெட்டு, மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பத் தொடங்கும். 25, மிஞ்சினால் 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு இந்த இரண்டும் போதும்.

ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவது, நெருப்பில் காட்டி உட்கார வைப்பது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. அறுத்த முனை தட்டில் உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரும், சில சமயம் வெளியேயே வந்துவிடும். சூடேற்றிய கம்பி பதம் இழந்து நாளாக நாளாக இறங்கிக்கொண்டே போகும்.

ஷாக்கைப் பொறுத்தவரை, புது ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாகச் செய்யப்பட்டதை ஸ்பிரிங்கோடு சேர்த்து வாங்குங்கள். பழைய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங் போட்டால், விறைத்த ஸ்பிரிங் திரும்பி விரிவதை அடக்க அதற்குத் திராணி இருக்காது. வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், கூலி உங்கள் முதுகு; ஆறு மாதம் கழித்து மறுபடி கழற்றுவானேன்?

கொஞ்சச் செலவில் நிறையப் பலன் தருவது பின்பக்க ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி). முன்சக்கர இயக்கக் கார்கள் வளைவில் மூக்கை வெளியே தள்ளும் சுபாவம் உள்ளவை. பின்பக்கம் சாய்வதைக் குறைத்தால் முன் வெளிச்சக்கரத்தின் பாரம் குறைந்து மூக்கு உள்ளே வரும். கெட்டி உருளைப் பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டருக்குப் பதில் 22 என்றால் பார்வைக்குச் சின்ன வித்தியாசம், விறைப்போ 46 சதவீதம் கூடுதல். ஆகவே ஒரு படி மட்டும் ஏறுங்கள். அளவுக்கு மீறினால் ஈரச் சாலையில் ஆக்ஸிலரேட்டரை விட்ட கணத்தில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

ஸ்ட்ரட் டவர்களுக்கு நடுவே பூட்டும் பட்டையை இந்தப் பட்டியலில் கடைசியில் வையுங்கள். இன்றைய கார்களின் உடம்பு ஏற்கெனவே நல்ல விறைப்பு. பானட்டைத் திறந்தால் அழகாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

உயரம் சரிசெய்யும் காயில்ஓவர் (ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த தொகுப்பு) வாங்குபவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிங் தட்டை மேலே திருகி இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகாது. நேர்விகித ஸ்பிரிங்கின் விறைப்பு மாறவே மாறாது. அந்த வகையில் வண்டியின் உயரம்தான் கூடும், தொங்கும் பயணம் குறையும். ஷாக்கின் அடிக்குழாயே திருகில் ஏறி இறங்கும் வகையில் மட்டுமே ஸ்பிரிங்கைத் தொடாமல் உயரத்தை மாற்ற முடியும்.

சட்டமும் காப்பீடும் இடத்துக்கு இடம் மாறும். உயரத்தை மாற்றும் முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விசாரித்துவிடுங்கள்.

கருவிகளும் உயிரும்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. சமதளக் கான்கிரீட், இரண்டு ஸ்டாண்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு அடைகட்டை. ஸ்டாண்டில் வைத்த பின் வண்டியைக் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் அடியில் இல்லாதபோது விழட்டும்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் நல்லதாக இருக்க வேண்டும். மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அமுக்கினால் அதில் நிற்கும் விசை சுமார் 380 கிலோ எடை. சேமித்திருக்கும் ஆற்றல் 280 ஜூல், கிட்டத்தட்ட 29 கிலோ பாரத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். இரண்டு கொக்கி வகைக் கம்ப்ரஸர் என்றால் நேர் எதிரெதிரே மாட்டி, பாதுகாப்பு முள்ளைப் பூட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிச் சில சுற்றாக இறுக்குங்கள். அதன் திருகில் கிரீஸ் தடவுங்கள். இம்பேக்ட் கன் (அடித்து அடித்துத் திருகும் எந்திரம்) வேண்டாம். சூட்டில் மரை தின்றுவிடும். ஸ்பிரிங்கின் வாய் எதிரே முகத்தை வைக்கவே கூடாது. கம்ப்ரஸர் தரமானதாக இல்லை என்று சந்தேகம் வந்தால், ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

இவை தவிர டார்க் ரெஞ்சு (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்), நீள பிரேக்கர் பார், ஆலன் கீ செட், நடுவில் துளையுள்ள சாக்கெட், வயர் பிரஷ், துரு இளக்கும் எண்ணெய். எண்ணெயை முந்தின நாளே அடித்து ஊறவிடுங்கள். உதிரிப் பாகங்களில் ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை, லிங்க் ராடு ஆகியவற்றை ஷாக்கோடு சேர்த்தே வாங்குங்கள். நைலான் வளைய நட்டுகளும், இறுக்கியபின் கோண அளவில் திருப்பச் சொல்லும் போல்ட்டுகளும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானவை.

கழற்றும் முன், நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். இந்த அளவுகள் பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும்.

முன்பக்கம்

இரண்டு பக்கமும் சேர்த்தே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராடு போல்ட் வெளியே வர மறுக்கும். சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் கிளிப்புகளை விடுவியுங்கள். இதை மறந்து ஸ்ட்ரட்டை இழுத்து ஏபிஎஸ் வயரை அறுப்பது சாதாரணமாக நடக்கும் சேதம்.

லிங்க் ராடின் நட்டைக் கழற்றும்போது பந்து முனை கூடவே சுற்றும். நடுவில் உள்ள ஆலன் துளையில் கீயைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். துளை தேய்ந்துவிட்டால் மல்லுக்கட்டாமல் அறுத்துவிடுங்கள், புதுசு கையில் இருக்கிறதே.

ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தைச் சுற்றி பெயிண்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். பழைய கேம்பருக்கு (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அருகில் கொண்டுவர அது உதவும். கீழ்ப் போல்ட்டுகள் இரண்டையும் எடுக்கும்போது போல்ட்டைத் தட்டித்தான் வெளியேற்ற வேண்டும், நட்டைத்தான் திருப்ப வேண்டும். பல வண்டிகளில் போல்ட்டின் தண்டில் பல்லு வரி இருக்கும், போல்ட்டைச் சுற்றினால் துளை கெடும். போல்ட் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். அதை விட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் கழன்றுவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும். ஒரு கயிறு போட்டு ஸ்டாண்டு பக்கம் கட்டி நிறுத்துங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றியிருந்தால் அதற்கும் கயிறு. ஹோஸில் தொங்க விடக்கூடாது.

மேலே பானட்டுக்குள் இருக்கும் மூன்று சிறிய நட்டுகளைத்தான் எடுக்க வேண்டும். நடுவிலுள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே அது. கம்ப்ரஸர் மாட்டி, ஸ்பிரிங் தட்டில் தளர்ந்து லொடலொடவென்று ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அதன் முறை.

அந்த நட்டைக் கழற்றவும் பூட்டவும் நடுத்துளை சாக்கெட், உள்ளே ஆலன் கீ. இம்பேக்ட் கன் போட்டால் ஷாக்கின் தண்டு சுற்றிச் சுற்றி உள்ளே சீலைக் கெடுக்கும். தண்டைப் பிளையரால் பிடிப்பது அதைவிட மோசம். பளபளப்பான குரோம் மேல் ஒரு கீறல் விழுந்தால் புது ஷாக் சில வாரங்களில் எண்ணெய் கக்கும்.

புது ஷாக் இரட்டைக்குழாய் வகை என்றால் பெட்டியில் படுத்துக் கிடந்ததில் காற்று எண்ணெய் அறைக்குள் புகுந்திருக்கும். நிமிர்த்தி வைத்து, தண்டை முழுதாக இழுத்து முழுதாக அமுக்குவதை நான்கைந்து முறை செய்யுங்கள். முதலில் வெற்றிடமாகத் தட்டுப்படும், பிறகு சீராகக் கனக்கும். அதன் பிறகு படுக்க வைக்காதீர்கள். புது ஸ்பிரிங்கோடு வந்த தாளில் பம்ப் ஸ்டாப்பை இத்தனை மில்லிமீட்டர் வெட்டு என்று இருந்தால் வெட்டுங்கள். இல்லையென்றால் கை வைக்க வேண்டாம்.

இனி இந்த வேலையின் நுணுக்கமான இடம். ஸ்ட்ரட்டின் கீழ்த்தட்டைப் பார்த்தால் ஓரிடத்தில் படிபோல் ஒரு தடுப்பு இருக்கும். ஸ்பிரிங் கம்பியின் நுனி அந்தப் படியில் முட்டி உட்கார வேண்டும். நுனிக்கும் படிக்கும் நடுவே விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி பரவாயில்லை. நுனி படியின் மேல் ஏறி நிற்கக்கூடாது. மேல் ரப்பர் இருக்கையிலும் இதேபோல் ஒரு பள்ளம் இருக்கும். இரண்டையும் பொருத்திவிட்டு, மேல் மவுண்ட்டின் மூன்று போல்ட்டும் கீழ்ப் பிடியும் ஒன்றுக்கொன்று பழைய ஸ்ட்ரட்டில் இருந்த கோணத்திலேயே இருக்கிறதா என்று பழையதைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கம்ப்ரஸரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும்போது நுனி நழுவாமல் இருக்கிறதா என்பதில் கண் இருக்கட்டும். மவுண்ட்டின் பேரிங்குக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் உண்டு. தலைகீழாக வைத்தால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி ‘டொய்ங்’ என்று விடுபடும்.

திரும்ப மாட்டும்போது, கேம்பரைச் சரிசெய்யும், மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) போல்ட் வாங்கியிருந்தால் பெரும்பாலான வண்டிகளில் மேல் துளைக்குத்தான் போகும். மெல்லிய தண்டு கொண்டது என்பதால் அதற்குரிய முறுக்கு அளவை அதன் தாளில் பாருங்கள். இறுக்கும் அளவுகளுக்கு உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலே பிரமாணம். நக்கிள் போல்ட் ஒரு வண்டியில் 80 நியூட்டன் மீட்டர், இன்னொன்றில் 150. பொது எண் என்று எதுவும் கிடையாது. மேனுவலின் எண் உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் தடவிய மரையில் அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

பின்பக்கம்

டார்ஷன் பீம் வண்டியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் பல மாடல்களில் கம்ப்ரஸரே தேவைப்படாது. பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து லேசாகத் தாங்கி, இரண்டு ஷாக்கின் கீழ்ப் போல்ட்டையும் எடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கைக்கு வரும். இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும் விறைத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பின் பீமிலிருந்து ஒரு கம்பி பிரேக் அழுத்தம் பிரிக்கும் வால்வுக்குப் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் வண்டியில் பாரம் ஏறியிருக்கிறது என்று நினைத்து அது பின்சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் அனுப்பும், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். உயரத்தை மாற்றினால் அந்த வால்வையும் மேனுவல்படி சரிசெய்ய வேண்டும்.

தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்குதல்

நல்ல பாகங்களைப் போட்டும் வீட்டு வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ரப்பர் புஷ்ஷின் உள் உருளையும் வெளி உருளையும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கிய கணத்தில் உள் உருளை அந்தக் கோணத்தில் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால்தான். சக்கரம் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், ரப்பர் நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே நிற்கும். முதலில் வண்டி எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்கும், சவாரி கரடுமுரடாகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் புதுப் புஷ் கிழியும். பழி புஷ் கம்பெனிக்குப் போகும்.

ஆகவே எல்லா ரப்பர் புஷ் போல்ட்டுகளையும், பின் ஷாக்கின் கீழ்க் கண், பீமின் முன் போல்ட் உட்பட, கையிறுக்கத்தில் விட்டு வையுங்கள். பிறகு நக்கிளுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையான தூரம் புதிய நிற்கும் உயரத்துக்கு வரும்வரை தூக்குங்கள். முன்பு எழுதி வைத்த எண்ணில், எவ்வளவு இறக்கியிருக்கிறீர்களோ அதைக் கழித்தால் அந்த உயரம். ஸ்டாண்டிலிருந்து உடம்பு எழும்பிவிடாமல் கவனித்துக்கொண்டு, அந்த நிலையில் முழு முறுக்குக்கு இறுக்குங்கள். சாய்தளம் இருந்தால் நான்கு சக்கரமும் தரையில் நிற்கவே இறுக்கலாம், அது இன்னும் சுத்தம்.

பாலியூரித்தேன் புஷ் இந்த முறுக்கு விவகாரத்தில் சேராது, அதில் உள் உருளை சுதந்திரமாகச் சுற்றும். ஆனால் சிலிக்கான் கிரீஸ் தாராளமாகப் போடாவிட்டால் மூன்றே மாதத்தில் கீச்சிடும். ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷுக்கு அதைப் போடுவதில் நஷ்டம் இல்லை. லோயர் ஆர்மின் பின் புஷ்ஷுக்குப் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகும், கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும்.

அலைன்மெண்ட்

ஸ்ட்ரட்டைக் கழற்றியாகிவிட்டது என்றால் கேம்பர் மாறியிருக்கும், கேம்பர் மாறினால் டோ மாறும். கடையில் பார்ப்பது உத்தமம். அதுவரை ஓட்டிப் போக வீட்டில் நூல் கட்டிப் பார்க்கலாம். வண்டியின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் மீன்பிடி நூலை ஸ்டாண்டுகளில் இழுத்துக் கட்டுங்கள். முன் ஹப்பிலிருந்து நூல் வரை இடத்திலும் வலத்திலும் சம தூரம், பின் ஹப்பிலிருந்தும் அப்படியே. முன், பின் தூரங்கள் தங்களுக்குள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் இரண்டு அச்சின் அகலமும் வேறுபடலாம். ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூல் வரை அளந்து பாருங்கள். முன் விளிம்பு நூலிலிருந்து அதிகம் விலகியிருந்தால் டோ இன். 400 மில்லிமீட்டர் விட்டத்தில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் சுமார் 0.14 டிகிரி. டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி இருபுறமும் ஒரே அளவு திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி விட்டே அளக்க வேண்டும்.

கேம்பரில் இடம் வலம் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் போனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தெருவண்டிக்கு டோவைக் கம்பெனி அளவிலேயே வைத்திருங்கள். டோ அவுட் வைத்தால் ஸ்டியரிங் திருப்பிய கணத்தில் மூக்கு உள்ளே வரும், நேர் சாலையில் நிம்மதி போகும். கூடவே நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது) இருந்தால் டயரின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் கரையும்.

ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சில மில்லிமீட்டர் உட்காரும். அப்போது நான்கு மூலை உயரத்தை மறுபடி அளந்து, அலைன்மெண்டை இரண்டாம் முறை பாருங்கள். ஹெட்லைட் கோணமும் மாறியிருக்கும். கேமரா, ரேடார் உதவி உள்ள வண்டி என்றால் உயரம் மாறியதற்கு அவற்றை மறுஅளவீடு செய்ய வேண்டும், அது வீட்டில் ஆகாது.

ஓட்டிப் பார்க்கும்போது

விறைப்பைச் சரிசெய்யும் ஷாக் என்றால், குமிழை விறைப்பு முனை வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து எத்தனை கிளிக் திரும்பி வந்தீர்கள் என்று எண்ணுங்கள். மென்மைப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதே சாலையில், அதே காற்றழுத்தத்தில் மாற்றுங்கள். ரீபவுண்டை (ஷாக் திரும்ப விரியும்போது தரும் தடை) அதிகம் விறைத்தால் ஒரு விசித்திரம் நடக்கும்: தொடர்ந்து வரும் மேடுகளில் சக்கரம் திரும்ப விரிய நேரமில்லாமல் வண்டி படிப்படியாகக் கீழே அமுங்கி, நான்காவது ஐந்தாவது மேட்டில் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். முதல் மேடு மென்மை, கடைசி மேடு இடி என்றால் ஸ்பிரிங்கைத் திட்டாமல் இரண்டு கிளிக் தளர்த்துங்கள்.

சத்தங்களுக்கு இடம் உண்டு. மெதுவாகச் சின்னக் குழியில் ‘டக் டக்’ என்றால் லிங்க் ராடு நட். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது அடி வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் அல்லது ஸ்பிரிங் நுனி. பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் போல்ட் கையிறுக்கத்திலேயே மறந்துபோய் நிற்கிறது. உடனே நிறுத்திப் பாருங்கள். ஸ்டியரிங் திருப்பியபின் தானாக நேராக வராவிட்டால் பேரிங் தலைகீழ், அல்லது மேல்நட்டு மவுண்ட்டைப் பிசைந்து பிடித்திருக்கிறது.

சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். 1,000 கிலோமீட்டர் ஆனதும் டயரின் பட்டன்மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் கூர்மையும் தட்டுப்பட்டால் டோ இன்னும் சரியில்லை. கடைக்காரர் கொடுத்த தாளில் என்ன எண் இருந்தாலும் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய், உங்கள் எடையை ஓட்டுநர் இருக்கையில் வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.